செட்டிநாட்டு வீட்டில் ராக் ஆல்பம் பதிவு செய்வது: வீடு பார்ப்பதிலிருந்து மாஸ்டர் வரை

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் பெரிய வீடு ஒன்றை ஒரு வாரத்துக்கு எடுத்து, குழுவோடு தங்கி ஆல்பம் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு இது. நான் இரண்டு ஆல்பங்களை இப்படி முடித்திருக்கிறேன். வேறு மூன்று குழுக்கள் பதிவு செய்தபோது உதவிக்குக் கூட இருந்தேன். வாசிக்கத் தெரியாமல் யாரும் சிரமப்படவில்லை. வேலையின் வரிசை மாறியதால் சிரமப்பட்டார்கள். பாட்டு முடிவாகும் முன் வீடு எடுத்தார்கள், வீட்டின் ஒலியைக் கேட்கும் முன் ட்ரம்ஸை இறக்கினார்கள், ட்ரம்ஸ் சரியாக அமையும் முன் கிட்டாரை ஏற்றினார்கள். வரிசை தப்பாமல் போனால் 8 பாட்டு, 7 நாள் என்பது நடக்கக்கூடிய கணக்குதான்.

1. பாட்டு முடிவான பிறகு வீட்டுக்கு முன்பணம்

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாள் போடுங்கள். வேகம், சுருதி, எந்தப் பகுதி எத்தனை பார் (தாளச் சுற்று), எந்த இடத்தில் யார் நிறுத்துகிறார்கள் என்று எழுதியிருக்க வேண்டும். "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்ட ஒவ்வொரு இடமும் வாடகை வீட்டில் அரை நாளைத் தின்றுவிடும்.

சுருதியைப் பாடுபவர் நின்றுகொண்டு முழுத் தொண்டையில் பாடிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒத்திகையில் முணுமுணுத்துப் பாடிய சுருதி, பதிவின்போது ஒன்று எட்டாது அல்லது எடுபடாது. அந்த நேரத்தில் சுருதியை மாற்றினால் பேஸும் கிட்டாரும் மறுபடி முதலிலிருந்து.

கிளிக்கோடு (ஹெட்ஃபோனில் சீராக ஒலிக்கும் தாள அடி) குறைந்தது மூன்று வாரம் பழகுங்கள். பல்லவி கொஞ்சம் வேகமெடுப்பதுதான் அழகு என்றால், கிளிக்கையே அந்த இடத்தில் இரண்டு பி.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கு) கூட்டி அமைத்துவிடலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் கிளிக், ஒரு வழிகாட்டிக் கிட்டார், ஒரு வழிகாட்டிக் குரல் மூன்றையும் ஊரிலேயே பதிவு செய்து எடுத்துப் போங்கள். ட்ரம்மர் வாசிக்கப்போவது இவற்றைக் கேட்டுத்தான்.

வரிகளின் உரிமையையும் இப்போதே பார்க்க வேண்டும். செட்டிநாட்டுக்குப் போகிறோம் என்றதும் கண்ணதாசன் வரி ஒன்றைச் சேர்க்கலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வருகிறது. அவர் பிறந்த சிறுகூடல்பட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. அவர் மறைந்தது 1981. ஆகவே அனுமதி இல்லாமல் தொட முடியாது. ஊரில் வழிவழியாகப் பாடிவரும் தாலாட்டு, ஒப்பாரி மெட்டு என்றால் சிக்கல் இல்லை. யாரிடம் கேட்டுக் கற்றீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

அப்புறம், வரி யாருடையது, மெட்டு யாருடையது, பங்கு எவ்வளவு என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஆல்பம் வெளிவந்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் நட்பு கெடும்.

2. வீட்டைக் காதால் பார்ப்பது

முதல் முறை போகும்போது படம் எடுக்காதீர்கள். முகப்பு, வளவு (தூண்கள் சூழ்ந்த முற்றப் பகுதி), பட்டாலை (வளவை ஒட்டிய கூடம்), உள் அறைகள், இரண்டாம் கட்டு என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று ஒரு தடவை ஓங்கிக் கைதட்டிவிட்டு அமைதியாகக் கேளுங்கள்.

மூன்று விதமான பதில் வரும். ஒலி மெல்லப் பரவி ஒரே சீராக அடங்கினால் அது ட்ரம்ஸுக்கான இடம். "டர்ர்ர்" என்று இரும்பு ஸ்பிரிங் போல அதிர்ந்தால் எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு பளிங்கு மாதிரி வழவழப்பாக இருப்பதால் இது அடிக்கடி நேரும். ஒரு பக்கச் சுவரில் மட்டும் ஜமக்காளத்தைத் தொங்கவிட்டால் அடங்கும். கைதட்டிய சத்தம் அங்கேயே செத்துவிட்டால் அது குரலுக்கு. பாயும் மெத்தையும் அடுக்கிக் கிடக்கும் உள் அறைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

வளவைப் பார்த்ததும் எல்லோரும் நடுமுற்றத்தில் ட்ரம்ஸைப் போட நினைக்கிறார்கள். தூண்கள், மேலே வானம், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் திறந்த முற்றத்தில் ஒலி மேலே போய்விடும், வெளிச் சத்தமெல்லாம் உள்ளே வந்துவிடும். தேக்குத் தூண்களுக்குப் பின்னால் கூரை மூடிய பகுதியோ, மாடியில் மூடிய கூடமோதான் சரி.

அடுத்து நடுக்க சோதனை. ஒரு ஸ்பீக்கரில் 30 ஹெர்ட்ஸிலிருந்து 300 வரை மெல்ல ஏறும் ஒற்றை ஒலியை ஓடவிட்டு, வீடு முழுக்க நடங்கள். எது கூடவே அதிர்கிறது என்று காதை வைத்துத் தேடுங்கள். ஒரு வீட்டில் பேஸ் கிட்டாரின் குறிப்பிட்ட ஒரு சுரத்துக்கு மட்டும் "ஜிர்ர்" என்று ஒரு சத்தம் வந்தது. ஆம்பைக் கழற்றி மாட்டி, கேபிளை மாற்றி, ஒரு காலைப்பொழுதே போனது. கடைசியில் பார்த்தால், எட்டடி உயரத்தில் வரிசையாக மாட்டியிருந்த குடும்பப் படங்களில் ஒன்றின் கண்ணாடி சட்டத்தில் தளர்ந்திருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஏணி போட்டு ஏறி, படத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு துணியை மடித்துச் செருகினார். நின்றுவிட்டது. அன்றிலிருந்து இந்தச் சோதனையை நான் முதல் நாளிலேயே செய்கிறேன். கதவுக் கொக்கி, தொங்கும் விளக்கு, வண்ணக் கண்ணாடி ஜன்னல் மூன்றையும் கட்டாயம் பாருங்கள்.

இந்த வீடுகளுக்குப் பெரும்பாலும் பங்காளிகள் பலர் உரிமையாளர்கள். ஒருவர் சரி சொன்னால் போதாது. எத்தனை நாள், எவ்வளவு சத்தம், எந்தெந்தப் பகுதி என்பதை எழுதி, பொறுப்பில் இருப்பவர் மூலம் எல்லோருக்கும் சொல்லச் சொல்லுங்கள்.

3. நாள் குறிப்பது

தினசரிக் காலண்டரை எடுத்து முதலில் முகூர்த்த நாட்களை அடித்துவிடுங்கள். இந்த ஊர்களில் கல்யாணம் வீடுகளிலேயே நடக்கும். இரண்டு தெரு தள்ளி நாதஸ்வரம் ஒலித்தாலும் உங்கள் மைக்கில் விழும். மார்கழி விடியற்காலையும் ஆடி மாதமும் கோயில் ஒலிபெருக்கிக்கு உரியவை. தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டு நாளில் அந்தப் பக்கம் வண்டி ஓட்டிப் பொருள் வாங்கி வரலாம் என்று திட்டமிடாதீர்கள்.

மழைக்காலத்தில் ஊருணி நிரம்பியதும் இரவெல்லாம் தவளை கத்தும். கேட்க இனிமையாக இருக்கும், மெதுவான பாட்டின் கடைசிச் சுரத்தில் இருக்கக்கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் கிட்டார் சுருதி நிற்காது, மனிதர்களும் தாங்க மாட்டார்கள். என் அனுபவத்தில் பிப்ரவரி நல்ல மாதம்.

மாதப் பராமரிப்புக்கான மின்தடை எந்த நாள் என்று விசாரித்து, அந்த நாளை, எடுத்த பதிவுகளைக் கேட்டுத் தேர்வு செய்யும் நாளாகவோ ஓய்வு நாளாகவோ வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். "ஆச்சி, ஒரு வாரம் ட்ரம்ஸ் அடிப்போம், தொந்தரவா இருக்குமா?" என்று கேட்டேன். "ரெண்டுலேருந்து மூணரை வரைக்கும் கண்ணசருவேன்ப்பா, அப்ப மட்டும் வேண்டாம். மத்த நேரம் அடிச்சுக்கங்க" என்றார். அந்த ஒன்றரை மணி நேரத்தை எங்கள் சாப்பாட்டு நேரமாக்கினோம். ஏழு நாளும் ஒரு முகச்சுளிப்பு இல்லை.

4. கரண்ட்

மைக் எடுப்பதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய வயரிங்கில் எர்த் இல்லாத பிளக்குகள் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் எல்லாத் தடத்திலும் 50 ஹெர்ட்ஸ் ஹம் உட்கார்ந்துகொள்ளும். அதை மிக்ஸில் (தடங்களை ஒன்றாகக் கலக்கும் கட்டத்தில்) எடுத்தால் பேஸும் சேர்ந்து போகும்.

ஹம் நிற்கட்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை உடைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். கை கிட்டார் கம்பியில், உதடு மைக்கில் இருக்கும்போது எர்த் இல்லாத ஆம்ப் உயிரை எடுக்கும்.

கணினி, இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி), ஆம்ப் எல்லாவற்றையும் ஒரே எர்த் உள்ள ஒரே இடத்திலிருந்து இழுங்கள். மின்விசிறி ரெகுலேட்டரும் மலிவான எல்.இ.டி. விளக்கும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் உள்ள கிட்டாரில் இரைச்சலாக விழும். டேக் (ஒரு தடவை வாசித்துப் பதிவு செய்வது) போகும்போது இரண்டையும் அணையுங்கள். இன்வெர்ட்டர் வாடகைக்கு எடுத்தால் ப்யூர் சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள். மற்றது ஆம்பில் கரகரக்கும்.

5. எடுத்துப் போக வேண்டியவை

மதுரையும் திருச்சியும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஒரு கம்பிக்காகப் போய் வந்தால் ஒரு நாள் போச்சு. ட்ரம்ஸுக்குப் புதுத் தோல் ஒரு முழு செட்டும் ஸ்னேருக்குக் கூடுதலாக இரண்டும், குச்சி பத்து ஜோடி, கிட்டாருக்கு நாளுக்கு ஒரு செட் கம்பி, தேவையானதற்கு இரு மடங்கு கேபிள், மூடிய வகை ஹெட்ஃபோன் ஆளுக்கொன்று.

ஜமக்காளம், பாய், மெத்தை எதையும் சுமக்க வேண்டாம். உள்ளூர் பந்தல்காரரிடமும் வாடகைப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும். இலவம்பஞ்சு மெத்தை கிடைத்தால் விடாதீர்கள். ஒலியை உறிஞ்சுவதில் கடையில் விற்கும் மெல்லிய ஃபோமைவிட எவ்வளவோ மேல்.

பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். 12 தடத்தில் 4 நிமிடப் பாட்டின் ஒரு டேக் சுமார் 400 எம்.பி. ஆகும். இரண்டு ஹார்ட் டிஸ்க் வேண்டும். இரவு படுக்கும் முன் இரண்டாவதில் நகல் எடுத்து, வேறு அறையில் வைக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

6. ட்ரம்ஸ்: முதல் இரண்டரை நாள்

மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கப்போகின்றன. அதனால்தான் முதலில் ட்ரம்ஸ். அவசரமாக முடித்த ட்ரம்ஸை எந்த மிக்ஸும் காப்பாற்றியதை நான் பார்த்ததில்லை.

தரையிலிருந்து தொடங்குங்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடிப் பலகையின் மேல் சிமென்டும் வண்ணமும் ஊற்றிக் கையால் செய்தது. கிக் ட்ரம்மின் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) கூர்முனைக் கால் அதில் கோடு போட்டால் போட்டதுதான். இரண்டு ஜமக்காளத்தை மடித்துப் போட்டு, கால்களுக்கு ரப்பர் மூடி மாட்டி, அதன் மேல் ட்ரம்ஸை வையுங்கள். வழுக்கவும் செய்யாது.

கூடத்தின் சரிநடுவைத் தவிருங்கள். நடுவில் சில அடியொலிகள் காணாமல் போகும். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்து, ட்ரம்மரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சுற்றி நடந்து கேளுங்கள். ஒரு மீட்டர் நகர்த்தினாலே கிக்கின் கனம் மாறுவது தெரியும்.

தோலை மாற்றி, எதிரெதிர்த் திருகுகளை மாற்றி மாற்றி ஒரே அளவு முறுக்குங்கள். ஒவ்வொரு திருகுக்கும் ஓர் அங்குலம் உள்ளே விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே சுருதி கேட்டால்தான் ட்ரம் தெளிவாகப் பேசும். வெயில் ஏற ஏறத் தோலின் சுருதி நகரும். இரண்டு டேக்குக்கு ஒருமுறை ஸ்னேரைச் சரிபார்க்க ஒருவரை நியமியுங்கள்.

மைக் குறைவாக இருந்தால் கவலைப்பட வேண்டாம். நல்ல கூடத்தில் நான்கே போதும்: கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஷூர் எஸ்.எம்.57 மாதிரி ஒன்று, தலைக்கு மேலே இரண்டு கன்டென்சர். மேலே உள்ள இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு நூலை ஸ்னேரின் நடுவில் பிடித்து, முதல் மைக் வரை இழுத்து, அதே நீளத்தை இரண்டாவதற்கும் வையுங்கள். தூரம் மாறினால் ஸ்னேர் ஒரு பக்கமாக இழுக்கும், கனமும் குறையும்.

இரண்டு மைக் மிச்சம் இருந்தால் வீட்டுக்குக் கொடுங்கள். லெட் செப்பலின் குழு தன் நான்காவது ஆல்பத்துக்காக ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய இங்கிலாந்து வீட்டில் ட்ரம்ஸைக் கூடத்தில் வைத்து, மேலே மாடிப்படியிலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்ததும் இதே எண்ணத்தில்தான். நம் வீடுகளில் மாடித் தாழ்வாரக் கைப்பிடி அதற்கு வாகாக இருக்கிறது. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகும். ஆக 5 மீட்டர் தள்ளிய மைக்கில் அடி 15 மில்லி விநாடி தாமதமாக விழும். கணினியில் அதை நகர்த்தி நேராக்கிவிடாதீர்கள். அந்தத் தாமதம்தான் கூடத்தின் அளவைக் காதுக்குச் சொல்கிறது.

பிறகு ஒவ்வொரு மைக்கிலும் போலாரிட்டி (ஒலி அலையைத் தலைகீழாக்கும்) பொத்தானைத் தட்டி, மேல் மைக்குகளோடு சேர்த்துக் கேளுங்கள். எந்த நிலையில் அடியொலி தடிமனாக இருக்கிறதோ அதுதான் சரி. இரண்டு நிமிட வேலை. புதியவர்கள் பத்தில் ஒன்பது பேர் இதை விட்டுவிட்டு, மிக்ஸில் கிக் ஏன் மெலிந்திருக்கிறது என்று தேடுகிறார்கள்.

அளவு வைக்கும்போது உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிற்கட்டும். சோதனையில் அடிப்பதைவிட டேக்கில் எல்லோரும் ஓங்கி அடிப்பார்கள்.

கடைசியாக ட்ரம்மரிடம் சொல்ல வேண்டியது: சிம்பலை அடக்கி அடியுங்கள், ஸ்னேரை ஓங்கி அடியுங்கள். வழவழப்பான சுவர்கள் சிம்பலின் கூர்மையை அப்படியே திருப்பித் தரும். அப்புறம் எல்லா மைக்கிலும் "ஷ்ஷ்" தவிர வேறொன்றும் கேட்காது. ஊரில் ஒத்திகையிலேயே இதைப் பழகி வருவது நல்லது.

கடினத்தில் இரண்டாவதாக உள்ள பாட்டில் தொடங்குங்கள். எளியதில் தொடங்கினால் கவனம் கூடாது, மிகக் கடினமானதில் தொடங்கினால் மனம் தளரும். ஒரு பாட்டுக்கு நல்ல டேக் மூன்று. நான்காவது கேட்டால் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டு மாலையில் திரும்பி வாருங்கள்.

7. பேஸ், கிட்டார்

பேஸை டி.ஐ. பெட்டி வழியாக நேரடியாகவும், ஆம்பிலிருந்து மைக் வழியாகவும் இரண்டு தடமாக எடுங்கள். ஆம்ப் தடம் சரியில்லை என்றால் நேரடித் தடத்தை வேறு ஆம்பில் ஓட்டிக்கொள்ளலாம்.

ஆம்பைச் சிறிய உள் அறையில் வைத்துப் பூட்டும் ஆசை வரும். 3 மீட்டர் அகலமுள்ள சதுர அறையில் 57 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி முட்டி வீங்கும். பேஸின் தாழ்ந்த ஏ சுரம் 55 ஹெர்ட்ஸ். ஒரு சுரம் மட்டும் இடிக்கும், பக்கத்துச் சுரம் காணாமல் போகும். அதைவிட ஆம்பை நீளமான பட்டாலையில் பலகையின் மேல் வைப்பது மேல்.

கிட்டாரில் ஒரே விதி: மேடையில் வைக்கும் டிஸ்டார்ஷனில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து இடமும் வலமும் வைக்கும்போது கனம் தானாகவே கூடும். ஒரே டேக்கைப் பிரதி எடுத்து இரண்டு பக்கம் வைத்தால் அகலம் வராது, சத்தம்தான் கூடும். கம்பி மாற்றியதும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சுருதி பார்த்துச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன் ட்யூனர்.

8. குரல்

குரலைக் கடைசி இரண்டு நாளுக்கு வையுங்கள், நாளுக்கு நான்கு பாட்டுக்கு மேல் வேண்டாம். மதியம் உப்புக்கறியும் ரசமும் சாப்பிட்டுவிட்டு உடனே பாட நிற்கக்கூடாது. நெஞ்செரிச்சல் தொண்டைக்கு வந்தால் அன்றைய பதிவு முடிந்தது. பாடுகிறவருக்கு மட்டும் இட்லி, இடியாப்பம் என்று சமையல் செய்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மெத்தை அடுக்கிய அறை, வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டரில் மைக், நடுவில் பாப் ஃபில்டர் (மூச்சுக் காற்றைத் தடுக்கும் வலை). ஹெட்ஃபோனில் தாமதம் தெரியாமல் இருக்க பதிவு மென்பொருளின் பஃபரை 128 சாம்பிளுக்குக் குறையுங்கள்.

தமிழில் ராக் பாடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ல, ள, ழ. ஓங்கிக் கத்தும்போது மூன்றும் ஒன்றாகிவிடும், கிட்டார் இரைச்சலுக்குள் சொல்லே மறையும். வரித்தாளில் ழகரமும் இரட்டித்த மெய்யும் வரும் இடங்களை வட்டமிட்டு வையுங்கள். பாடுகிறவர் உள்ளே இருக்கும்போது, பாட்டை முன்பு கேட்டிராத ஒருவரை வெளியே உட்காரவைத்து, காதில் விழுந்ததை எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு அதைச் செய்தவர் சமையலுக்கு வந்த அக்கா. ஒரு பாட்டில் நான்கு சொல்லை வேறாக எழுதியிருந்தார். நான்கையும் திரும்பப் பாடினோம்.

முழுப் பாட்டையும் ஐந்து தடவை பாடிவிட்டு, அன்று மாலையே வரிவரியாகத் தேர்ந்தெடுங்கள். பாடிய உணர்வு நினைவில் இருக்கும்போது தேர்வு சரியாக விழும். ஏதாவது வரி குறைபட்டால் மறுநாள் காலை அதே அறையில் திருத்த முடியும்.

9. கிளம்பும் முன்

எல்லா மைக்கும் இருந்த இடத்திலேயே இருக்க, ஆளரவம் இல்லாமல் ஒரு நிமிட அமைதியைப் பதிவு செய்யுங்கள். பிறகு ட்ரம்ஸ் இருந்த இடத்தில் பலூன் ஒன்றை உடைத்து, கூடத்தின் எதிரொலியைப் பிடியுங்கள். கன்வல்யூஷன் ரிவெர்பில் (பதிவான எதிரொலியை வேறு ஒலிக்குச் சேர்க்கும் மென்பொருள்) அதை ஏற்றினால், பிற்பாடு ஊரில் சேர்க்கும் கீபோர்டும் கோரஸும் அதே கூடத்தில் நின்று ஒலிக்கும். இதை மறந்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு குழு, இந்த ஒன்றுக்காகவே மறுபடி பேருந்து ஏறி வந்தது.

10. மிக்ஸ்

இரண்டு வாரம் காதுக்கு ஓய்வு கொடுங்கள். அப்புறம் முதலில் எடிட். ட்ரம்ஸை வெட்டும்போது எல்லா மைக்கையும் ஒரே குழுவாகச் சேர்த்து வெட்ட வேண்டும். ஸ்னேரை மட்டும் நகர்த்தினால் மேல் மைக்குகளோடு முட்டும்.

எந்த எஃபெக்டும் இல்லாமல் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகோல்) மட்டும் வைத்து, மோனோவில், மெதுவான சத்தத்தில் சமன் செய்யுங்கள். அந்த நிலையில் குரலும் ஸ்னேரும் தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. குரலின் மெய்யெழுத்துகள் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் இருக்கின்றன, கிட்டாரும் அங்கேதான் கூட்டம் போடுகிறது. குரலை ஏற்றுவதற்கு முன் கிட்டாரை அந்த இடத்தில் இரண்டு டெசிபல் இறக்கிப் பாருங்கள்.

குழுவில் ஐந்து பேரும் தனித்தனியாகக் கருத்து அனுப்பினால் மிக்ஸ் முடியவே முடியாது. ஒருவர் தொகுத்து எழுத வேண்டும். மூன்று திருத்தத்தோடு நிறுத்துங்கள்.

11. மாஸ்டர், வெளியீடு

மாஸ்டரிங்கை (வெளியீட்டுக்கு முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) மிக்ஸ் செய்தவர் செய்ய வேண்டாம். இந்தப் பாட்டுகளுக்குப் பழகாத காது தேவை. லிமிட்டரை (ஒலியின் உச்சத்தை அமுக்கும் கருவி) கழற்றிவிட்டு 24 பிட் வேவ் கோப்பாக, உச்சத்தில் சில டெசிபல் இடம் விட்டு அனுப்புங்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சத்தத்தைச் சமன் செய்கிறது. அதற்கு மேல் நசுக்கி ஏற்றினால் அங்கே குறைத்துத்தான் ஒலிக்கும். நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் 12 எழுத்து கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணும் (பதிவின் அடையாள எண்), ஆல்பத்துக்கு யு.பி.சி. எண்ணும் (விற்பனைப் பொருளின் அடையாள எண்) வேண்டும். வெளியிட்டுத் தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டையும் தாங்களே தருகின்றன. வரி எழுதியவரும் மெட்டமைத்தவரும் ஐ.பி.ஆர்.எஸ். (வரி எழுதுபவர், மெட்டமைப்பவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும்) அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிவு செய்துவிடுங்கள், முதல் பகுதியில் கையெழுத்திட்ட பங்கு விவரம் இங்கே அப்படியே உதவும். வெளியீட்டு நாளுக்கு ஒரு மாதம் முன்பே கோப்புகளை ஏற்றுங்கள். ஏற்றும் முன், எல்லோருடைய பெயரும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எல்லாப் பாட்டிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பாருங்கள். வீட்டின் பெயரைப் போடுவதானால் பொறுப்பில் உள்ள பங்காளியிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்லும் விதத்தில் போடுங்கள்.